பெட்டி மேல இருநூத்தி நாப்பது

செத்துப்போன பிள்ளை டிவியில நடந்து வர்றதைப் பெத்தவங்க பாக்கிறப்போ, நீங்க பக்கத்துல நின்னிருக்கீங்களா? நான் நிக்கிறேன். பொழைக்க வந்த இந்த ஊர்ல என்னை உள்ள கூப்பிடுற ஒரே வீடு, என் மாடி ரூமுக்குக் கீழ இருக்கிற இந்த வீடுதான். புது டிவியைத் தூக்க ஒத்தாசைக்கு வந்தேன். சாயங்கால வெயில் பாதித் திரையில விழுது. பழைய செல்போன் வீடியோவுல அவங்க பையன் வர்றான், தண்ணியில மிதக்குற மாதிரி. அவனோட அம்மா, நான் அக்கான்னு கூப்பிடுறவங்க, கையிலிருந்த துணியைக் கீழ வைக்கிறாங்க. "இது அவன் நடை இல்லையே. கால் வெட்டி வெட்டி இழுக்குமே, அது எங்க போச்சு?" "பெட்டி மேல நொடிக்கு இருநூத்தி நாப்பது படம்னு போட்டிருக்குல்ல, அதான் வழுக்கிட்டு வர்றான்"ங்கிறார் அண்ணன், அக்காவோட வீட்டுக்காரர். டிவி மாட்ட வந்தவர் வாயில கடிச்சிருந்த ஸ்க்ரூவை எடுக்கிறார். "அது விக்கிறதுக்குப் போடுற நம்பர் சார். நிஜத்துல நொடிக்கு அறுபது தடவைதான் படம் மாறும். நடுவுல இல்லாத படத்தை டிவியே போட்டு நிரப்பிக்குது." "அந்த இல்லாததை நிறுத்துங்க தம்பி"ன்னு அக்கா சொல்றாங்க. அவர் ரிமோட்டை அமுக்குறார். பையன் விந்தி விந்தி வர்றான். அக்கா திரையில அந்தக் காலைத் தொடுறாங்க. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறார்.

மறுநாள் காலையில நான் வேலைக்குக் கிளம்புறப்போ அவங்க கதவு திறந்திருந்துச்சு. அண்ணன் மட்டும் ரிமோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். டிவியில பையன் விந்தாம நடந்து வந்துக்கிட்டிருந்தான்.