வாத்தியார் துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா

"இருக்கிறது அம்புட்டையும் எடுத்து வைப்பா சுருளி. ஒரு பெட்டி விடாம!"

சைக்கிளைச் சுவரில் சாத்திய கையோடு சொன்னார் தனிஸ்லாஸ் வாத்தியார். துப்பாக்கிக் கடை சுருளி தலையைச் சொறிந்தார்.

"எதை வாத்தியாரய்யா?"

"தோட்டாதான். பச்சைப் பெட்டி. நாப்பத்தேழுன்னு முத்திரை குத்தினது. போன வாரம் ஒண்ணு குடுத்தியே, அதேதான்."

"அது தீந்து போச்சேய்யா. மத்த நம்பர் இருக்கு. எல்லாம் ஒரே கம்பெனிதான், எடுத்துத் தரட்டா?"

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. மத்த நம்பரா! அந்தக் கொடுமையைத்தானே நாலு வருஷமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறார்!

அவருடைய துப்பாக்கி அப்படி. கொக்கு குருவி சுடுகிற துப்பாக்கி அல்ல. அட்டையில் போட்ட கறுப்பு வட்டத்தைத் துளைக்கிற சின்ன ரைபிள். ஊரில் மற்றவர்களின் ரைபிள் போட்டதைச் சுடும். இவருடையது மட்டும் மாப்பிள்ளை முறுக்கு முறுக்கும். கம்பெனிக்காரன் ஒவ்வொரு தடவை செய்து இறக்கும் தோட்டாவுக்கும் ஒரு நம்பர் குத்துவான். நம்பர் மாறினால் போச்சு. ஒரு குண்டு மேலூருக்குப் போகும், அடுத்தது திருமங்கலத்துக்குப் போகும்.

இதில் யுத்தம் வேறு. கப்பல் சரக்கே வருவதில்லை. கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சுட்டுப் பார்த்துச் சலித்துப்போன பிறகு, போன வாரம்தான் இந்த நாற்பத்தேழு கைக்கு வந்தது. சுட்ட குண்டெல்லாம் ஒரே இடத்தில் பாய்ந்திருந்தன. ஒரு புளியங்கொட்டையை வைத்து மூடிவிடலாம்!

நாளைக்கு ரைபிள் கிளப்பின் கோப்பைப் போட்டி. வருஷா வருஷம் உக்கிரபாண்டி முதல், இவர் இரண்டாவது. பள்ளிக்கூடத்தில் 'ரெண்டாவது தனிஸ்லாஸ்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

"தீந்து போச்சுன்னா? யார் வாங்கினது?"

"செக்கானூரணி உக்கிரபாண்டி அண்ணன்தான். காலையில கடை திறக்கையிலேயே வந்து நின்னாக. இருந்த நாப்பத்தேழு அம்புட்டையும் வாங்கிட்டுப் போயிட்டாக."

"அவருக்கு எதுக்குய்யா நாப்பத்தேழு? அவர் துப்பாக்கிதான் எதைப் போட்டாலும் சுடுமே!"

"நான் என்னத்தைக் கண்டேன்?"

"எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான்! பதுக்கல்யா இது, பதுக்கல்! இருக்கிறது அம்புட்டையும் ஒரே ஆள் அள்ளிட்டுப் போறதா?"

சுருளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்களும் அதைத்தானேய்யா கேட்டு வந்தீக?"

"என் கதை வேறய்யா!"

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலக் கிளம்பினார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினார். ஒருவன் கையை விரித்தான். இன்னொருவன் காட்டுப் பன்றி சுடுகிற தோட்டாவை எடுத்து நீட்டி, "இது பெருசாவே இருக்கே, ஆகாதா?" என்றான். வாத்தியார் சைக்கிளை வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் திருப்பினார். கிளப் செயலாளர் முத்துக்கருப்பன் வீடு அங்கேதான்.

"அண்ணே, நாளைக்கு உக்கிரபாண்டி சுடக் கூடாது."

"ஏம்ப்பா?"

"தேவைக்கு மேல தோட்டாவை வாங்கிப் பதுக்கினா போட்டியில இடமில்லைன்னு தீர்மானம் போட்டமா இல்லையா?"

"நீதானே மேசையைத் தட்டிக் கொண்டு வந்தே, மறப்பேனா? ஆனா உக்கிரபாண்டி அப்படிப்பட்ட ஆளில்லையேப்பா. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?"

"இந்த வெயில்ல செக்கானூரணி வரைக்கும் மிதிக்கச் சொல்றீகளா? சுருளி வாயால கேட்டுட்டுத்தான் வாரேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானேண்ணே?"

முத்துக்கருப்பன் பெருமூச்சு விட்டார். "சரி. வர வேண்டாம்னு இப்பவே ஆள் அனுப்பிச் சொல்லிர்றேன்."

தோட்டா கிடைக்கவில்லைதான். ஆனாலும் பழங்காநத்தத்துக்குத் திரும்பி மிதிக்கும்போது வாத்தியாருக்குப் பாதி வயிற்றெரிச்சல் அடங்கியிருந்தது.

வீட்டில் மனைவி பிலோமினாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்கதாங்க போனீக? உங்களைத் தேடி வந்தவுக எம்புட்டு நேரம் காத்திருந்தாக தெரியுமா?"

வாத்தியார் மோரை வாயில் வைத்தபடி மேசையைப் பார்த்தார். பச்சைப் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, அத்தனையிலும் நாற்பத்தேழு.

"இது... யாரு குடுத்தது?"

"உக்கிரபாண்டி அண்ணன்தான். போன வாரம் கிளப்புல நீங்க சுட்ட அட்டையைப் பாத்தாகளாம். நீங்க போட்டுட்டு வந்த காலிப் பெட்டியில நம்பரையும் பாத்து வச்சுக்கிட்டாகளாம். 'நமக்கு எதுன்னாலும் சரி தங்கச்சி, வாத்தியார் துப்பாக்கிக்குத்தான் நாக்கு நீளம். வேற யாரும் அள்ளிட்டுப் போறதுக்கு முந்தி வாங்கியாந்துட்டேன்'னு ஒரே சிரிப்பு."

வாத்தியாருக்கு வெட்கத்தில் காது சுட்டது. முத்துக்கருப்பன் அனுப்பிய ஆள் இந்நேரம் பாதி வழி போயிருப்பான்.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாக" என்றாள் பிலோமினாள். "'நல்ல தோட்டா இல்லாத ஆளை ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கே வெக்கமா இருக்கு. நாளைக்குத்தான் நெசமான போட்டி. நான் வராம மட்டும் இருக்க மாட்டேன், வாத்தியாரையும் தவறாம வரச் சொல்லு'ன்னாக."