அவன் சாப்பிட்டானா?

"அவன் சாப்பிட்டானா?"

ஆய்வகத்துக்குள் கால் வைக்கும்போதே கேட்டார் அக்காவின் கணவர்.

"வந்துட்டாருய்யா!" என்று சிரித்தாள் வேதியியல்காரி. இங்கே வேலைக்குப் புதிது. மூலிகை இலையிலிருந்து சாறு எடுத்துக் கொடுப்பது அவள் பாடு. அதைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டுப் பார்ப்பது, அவள் அக்கா என்று கூப்பிடும் சீனியரின் பாடு. சாயங்காலமானால் மனைவியை அழைத்துப்போக வரும் அண்ணாவுக்கோ, அந்தச் செல்களை 'அவன், இவன்' என்று வம்புக்கிழுப்பதே வேலை.

"அவன் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"அதான் எனக்கும் சேர்த்து அவனே சாப்பிடுறானே! பாரும்மா தங்கச்சி, அவனுக்கு வெதுவெதுன்னு ஒரு பெட்டி, வேளாவேளைக்குப் புதுச் சாப்பாடு. ஞாயித்துக்கிழமைகூட ஓடி வந்து பாத்துட்டுப் போறா."

"பொறாமையா அண்ணா?"

"பின்ன இருக்காதா?"

இப்படிச் சிரித்துக்கொண்டாலும் வேதியியல்காரிக்கு உள்ளுக்குள் கவலைதான். போன தடவை செல்லெல்லாம் செத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தவள் அவள். அப்புறம் பார்த்தால், செல் வளர்க்கும் தட்டில் இலைச்சாறு சேர்க்காத குழியிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாற்றைக் கரைக்க ஊற்றிய ஆல்கஹால் அளவு மீறிப்போய் எல்லாவற்றையும் தீர்த்துக்கட்டியிருந்தது.

"இலையால சாகல, குடிச்சே செத்திருக்கானுங்க!" என்று அண்ணா அடித்த கேலியில் ஆய்வகமே சிரித்தது. அக்கா மட்டும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேலையில் இவ்வளவு பிடிப்பா என்று அன்றைக்கு வேதியியல்காரிக்கு ஆச்சரியம்.

இன்றைக்கு அதே இலை, மறுபடியும். இதுவும் கைவிட்டால் வேறு இலை கைவசம் இல்லை.

அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து, "நீ பாரு," என்று நகர்ந்தாள்.

வேதியியல்காரி பார்த்தாள். வெறும் ஆல்கஹால் விட்ட குழியில் செல்கள் ஜம்மென்று இருந்தன. சாறு பட்ட நல்ல செல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாறு பட்ட புற்றுநோய்ச் செல்கள் மட்டும் சுருங்கி உதிர்ந்து மிதந்தன.

"அக்கா, செத்துட்டானுங்க! இந்தத் தடவை குடிச்சு இல்ல, நிஜமாவே!"

"தட்டுல செத்தா உடம்புலயும் சாகும்னு இல்லம்மா. இன்னும் எவ்வளவோ பாக்கணும்," என்ற அக்கா, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அண்ணா அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார்.

"பாவம் பயலுக," என்றார்.

வேதியியல்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து செல்கள் எண் மட்டும் ஒட்டிய டப்பாவில்தான் வரும். யாருடையது என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

"இத்தனை நாளா பொறாமைப்பட்டுட்டு இப்ப என்னண்ணா இரக்கம்? யாரோ ஒரு நோயாளியோட செல்லு. உங்களுக்கு ஒட்டா, உறவா?"

அண்ணா சட்டையின் கீழ்ப் பட்டனைக் கழற்றி லேசாக விலக்கினார். வயிற்றின் குறுக்கே நீளமாக ஒரு தையல் தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஆபரேஷன் ஆகுற வரைக்கும் இங்கதானே குடியிருந்தானுங்க!"