ஒன்பதாவது பாட்டு

வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு டோகுரா கரோக்கே கடைக்குள் வந்து, பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதில் 'நு' என்று தொடங்கும் பாட்டுகள் ஒன்பதுதான். அவர் மனைவி கினுவே, "இந்த ஒரு பக்கத்த முடிச்சாப் போதும் எனக்கு" என்று சொல்லி, வாரம் ஒன்றாகப் பாடிவந்தாள். பாடியதும் தலைப்பருகே பென்சிலால் வட்டம் போடுவாள். ஐந்து வட்டங்களோடு போன மாதம் இறந்துபோனாள்.

அதன்பிறகு வியாழனுக்கு ஒன்றாக வட்டங்கள் கூடின. இன்று எட்டு இருந்தன.

"இத யாராவது எடுத்தாங்களா, மிசாவோ?"

"அந்தக் கிழட்டுப் புத்தகத்தையா?" என்றாள் கடைக்காரி. "எல்லாரும் மெஷின்லயே தேடிக்கிறாங்க. நீங்கதான் தொடறீங்க. பாடவும் மாட்டீங்க, பார்லி டீயக் குடிச்சிட்டு இடத்த அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க."

ஒன்பதாவது, ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டு. துணைக்குக் கூப்பிட்ட கினுவேயிடம், "செத்தாலும் பாட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார் டோகுரா.

"ரெண்டு மைக் குடுங்க."

"நான் வேணா கூடப் பாடட்டுமா, டோகுரா-சான்?"

"வேண்டாம்."

ஒரு மைக்கை எதிர் நாற்காலியின் முன் வைத்தார். ஆணின் வரிகளைச் சுருதி விலகிப் பாடினார். பெண்ணின் முதல் வரி திரையில் வந்தது. எதிரே யாரும் தொடாமல் இருந்த மைக்கில் பச்சை விளக்கு தானாக எரிந்தது.

மிசாவோ கண்ணாடிக் குவளையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

டோகுரா தன் மைக்கை இறக்கிவிட்டு, நாற்காலியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த பக்கத்துக்கும் வருவியா, கினுவே?"