மீசை போன கோட்டைச்சாமி

காலையில் எழுந்து கண்ணாடி அலமாரியைப் பார்த்த ஜெகதீசன் அலறிவிட்டார். இருபது வருடமாக, முகப்பில் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் சேர்த்த அறுபத்திரண்டு கோட்டைச்சாமி பொம்மைகளுக்கும் மீசையைக் காணோம். தொப்பையும் போய்விட்டது. கைரேகை பட்டால் மதிப்பு போய்விடும் என்று வீட்டில் ஒருவரையும் அவர் அந்தப் பக்கம் விட்டதில்லை.

"எவன்டா அங்க?" என்று உறுமும் காவல்காரன் கோட்டைச்சாமி, இப்போது பெட்டிக்குள்ளிருந்தே, "வணக்கம் நண்பரே, இன்று மனம் எப்படி இருக்கிறது?" என்று குழைந்தான்.

"எப்படிடா இருக்கும்? கேக்குறான் பாரு கேள்வி!"

ரசிகர் குழுவில் பெரம்பூரிலிருந்து பினாங்கு வரை ஒரே ஒப்பாரி. கம்பெனிக்குப் போன் போட்டால், புதிய தலைமுறைக்காக எல்லாப் பொம்மைகளையும் தலையிலுள்ள ஏரியல் வழியாக ராத்திரியே புதுப்பித்துவிட்டோம், இனி பழையபடி மாற்ற முடியாது என்றது ஒரு தேன்குரல்.

அப்போது உள்ளறையில் யாரோ உறுமினார்கள். "எவன்டா அங்க?"

ஜெகதீசன் ஓடினார். மகள் மிருதுளாவின் மடியில் மீசையும் தொப்பையுமாக ஒரு கோட்டைச்சாமி! மூன்று வயதில், அவர் அசந்த நேரம் பார்த்து அவள் பெட்டியைக் கிழித்து எடுத்தது. தலையிலிருந்த ஏரியலை அன்றைக்கே கடித்துத் துப்பிவிட்டதால் கம்பெனியின் புது உருவம் அதற்கு வந்து சேரவில்லை. அந்த ஏரியலுக்காக அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

"கண்ணு, ஒரே ஒரு தடவ குடும்மா. அப்பா பாத்துட்டுத் தந்துடறேன்."

மிருதுளா பொம்மையை இறுக்கிக்கொண்டாள்.

"தொடக்கூடாது. கைரேகை பட்டா மதிப்பு போயிடும். தள்ளி நின்னு பாருப்பா."

அப்படியும் அவர் கையை நீட்டினார்.

"எவன்டா அங்க?" என்றான் கோட்டைச்சாமி.