அனுமதி கேட்ட பறவைகள்

“இன்னும் ஓபன் ஆகலை சார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னுதான் வருது.”

காலையிலிருந்து சாராள் இதைச் சொல்வது ஐந்தாவது முறை. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருக்கும் கம்பெனிக்கு ஆள் எடுப்பவள் அவள். யாரோ ஜெபகுமாரின் பெயரைச் சொன்னார்களாம்; பயோடேட்டா கேட்டிருந்தாள். இன்று ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

“இதோ மேடம், ரெண்டே நிமிஷம்.” செல்போனை விழுங்கிவிடுவான் போலக் கிசுகிசுத்தான் ஜெபகுமார். அவன் உட்கார்ந்திருந்தது செங்கல்பட்டுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலைமேல் இருக்கும் பழைய கம்பெனியின் மூன்றாவது மாடியில்.

வேலை மாறுகிறவன் வாயை மூடிக்கொண்டு மாறலாம். இவனோ எட்டு மாதமாக மேனேஜர் ராஜாராமைப் பற்றிப் புலம்பாத ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார், முடி வெட்டிக்கொள்ளும்போது போன் செய்கிறார், நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விடுகிறார். அந்த மனுஷனிடம் இன்னொரு மாதம் இருந்தால் தன் பேரையே மாற்றிக்கொள்வதாக காபி மெஷினிடம்கூடச் சபதம் செய்தாயிற்று. இதெல்லாம் மாடி முழுக்கத் தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது, பாவம்.

ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் போட்டான். அங்கே அருணகிரி. கருங்குழியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர், எதற்கும் பதறாதவர்.

“அண்ணாத்த, கிளவுடுல போட்ட ஃபைல் வெளி ஆளுக்குத் தெறக்கவே மாட்டேங்குது.”

“எப்டி சார் தெறக்கும்? அது கம்பெனி கிளவுடு. உள்ள கீறவங்களுக்குத்தான். லிங்க்கை நீ ஊருக்கே மெயில் பண்ணாலும் வெளிய கீறவன் பூட்டைத்தான் பாப்பான்.”

“ஃபைலையே மெயில்ல சேத்து அனுப்பிட்டா?”

“வெளி மெயிலுக்கு அட்டாச்மென்ட்டு போன மாசமே கட் பண்ணிட்டாங்க.”

“பென் டிரைவ்?”

“கேட்டுல புடுங்கி வெச்சிகினாங்களே, செல்லு கேமரா மேலயும் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்களே, மறந்துட்டியா?”

“சே! பிரவுசிங் சென்டர் போயி புதுசா அடிச்சி அனுப்பிடறேன்.”

“போ. கேட் பாஸுல யாரு கையெழுத்து போடணும்?”

ராஜாராம்தான் போட வேண்டும். ஜெபகுமார் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் நான்கு சீட் தள்ளிக் கேட்டது.

“இன்னா சார் பேஜார் பண்ணிகினு. ஒரே வழிதான் கீது. ‘வெளியாருக்கு அனுமதி’ன்னு ஒரு பட்டன் கீதுல்ல, அதை அமுக்கு. மேனேஜருக்குப் போவும். அவரு சரின்னா தெறந்துக்கும். ஃபோல்டர் பேரு இன்னா?”

“வேடந்தாங்கல் பறவைகள்.”

“நல்லாத்தான் கீது. அப்பறம் இன்னா பயம்? அமுக்கு.”

அந்த ஃபோல்டரில் ஒரு காக்காய்கூடக் கிடையாது. இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பயோடேட்டா. இன்னொன்று, போன தீபாவளிக்கு எழுதித் தேதி மட்டும் போடாமல் வைத்திருந்த ராஜினாமாக் கடிதம். யாராவது எட்டிப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதென்று அந்தப் பெயர். மூளைக்காரன்!

மணி நாலு முப்பத்தைந்து. வேறு வழியில்லை. காரணம் என்ற கட்டத்தில் ‘மாமாவுக்குப் பறவைப் படங்கள்’ என்று அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

ஐந்து நிமிடத்தில் ராஜாராமே எழுந்து வந்தார். இரண்டு நாளாக அவர் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். மேஜையிலிருந்த பித்தளைப் பிள்ளையாரைக்கூட நியூஸ்பேப்பரில் சுற்றியாகிவிட்டது. மேல் மாடியில் பெரிய கேபின் கிடைத்திருக்கிறது என்பது எல்லோருடைய ஊகம்.

“இன்னாய்யா ஜெபா, பறவையா?”

“ஆமா சார். போன வாரம் ஏரிக்குப் போனேன் சார்.”

“ஞாயித்துக்கிழமை நீ இங்கதானே இருந்தே?”

“சனிக்கிழமை சார்.”

“சனிக்கிழமையும் இங்கதான் இருந்தே.”

“காலைல சார்… அஞ்சு மணிக்கு.”

“இருட்டுலயா? இன்னா பறவை மாட்டுச்சி?”

“நாரை சார்.” இரண்டு விரலை நீட்டினான். “ரெண்டு.”

“ரெண்டு நாரை!” ராஜாராம் சிரித்தார். அவர் சிரித்து அந்த மாடி பார்த்ததில்லை. இரண்டு பேர் எழுந்து நின்றே பார்த்தார்கள். “போவட்டும்யா. புடிச்சி வெச்சிக்கினு நாம இன்னா பண்ணப்போறோம்?” என்றபடி கேபினுக்குப் போனார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுமதி வந்தது. ஜெபகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது சாராளின் போன்.

“ஓபன் ஆயிடுச்சு சார்! நீங்க செலக்டட். ஒண்ணாம் தேதி வந்துடுங்க.”

“இன்டர்வியூ மேடம்?”

“வேணாம்னு எங்க புது மேனேஜரே சொல்லிட்டாரு. உங்க பேரைக் குடுத்ததே அவர்தானே! ஞாயித்துக்கிழமை கூப்பிட்டாலும் மறுபேச்சு பேசாம வருவீங்கன்னு ஒரே புகழ்ச்சி.”

“யாரு மேடம் அவரு?”

“அவரும் ஒண்ணாம் தேதிதான் சார் ஜாயின் பண்றாரு…”

நாற்காலிக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

“ஒரே கார்ல போயிடலாம்யா,” என்றார் ராஜாராம், பிள்ளையாரை அக்குளில் இடுக்கியபடி. “அந்த ரெண்டாவது நாரை தேதியில்லாம கெடந்துது, நானே போட்டு எச்.ஆருக்கு அனுப்பிட்டேன்.”