கிறகோரி பாய்ந்த பக்கம்

“இந்த வயித்தோடையோ களிசான் போடப்போறியள்?”

கதவை மறித்துக்கொண்டு மனைவி யோசப்பின் கேட்டாள்.

கிறகோரி மூச்சை உள்ளே இழுத்துக் காற்சட்டைப் பொத்தானைப் பூட்டினார். மூச்சை விட்டார். பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது.

“ஊசியும் நூலும் கொண்டா.”

“பேரப்பிள்ளை காணுற வயசு. குருநகர் முழுக்கச் சிரிக்கப்போகுது. எனக்கெண்டால் வெக்கமாக் கிடக்கு.”

வெட்கம் அவருக்கும் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. திருநாள் கிழமையில் பக்கத்துக் கோயில் பங்கோடு பந்தாட்டம். கோல் காத்த பெடியன் கொழும்புக்குப் போய், அப்படியே பிரான்சுக்கு ஏறிவிட்டான். மிச்சப் பெடியளிலும் பாதிப்பேர் ஊரில் இல்லை.

ஒருகாலத்தில் கரையோரப் பங்குகள் எல்லாம் பேர் சொன்ன கோல் கீப்பர் கிறகோரி. அணித்தலைவன் அடைக்கலநாதன் வந்து, “அண்ணை, நீங்கள் சும்மா நிண்டால் போதும்” என்று கெஞ்சியபோது மறுக்க மனம் வரவில்லை.

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் வந்த பந்தைப் பிடிக்கக் குனிந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. பந்து கால்களுக்கு நடுவால் போனது. கோல்.

அடுத்ததைப் பிடித்துவிட்டார். பிடித்த பந்தோடு பின்னுக்குத் தடுமாறி வலைக்குள் போய் விழுந்தார். அதுவும் கோல்.

“அண்ணை தன்ரை வலையிலை தானே பட்டிட்டார்!” என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வலையில் சிக்கிய காலை எடுத்துவிட்டு, கை கொடுத்துத் தூக்கியவன் எதிரணிப் பெடியன் செபநாயகம். “நோகுதோ அண்ணை?” என்று கேட்டான். கிறகோரி அவன் கையை உதறிவிட்டார்.

இடையில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டு எல்லாரும் கோயில் மதிலோரம் ஓடினார்கள். சத்தம் அடங்கித் திரும்பி வந்து ஆட்டம் தொடங்கியபோதும் கிறகோரிக்கு மூச்சு வாங்கியது.

நல்லகாலம், அடைக்கலநாதன் இரண்டு கோல் அடித்துச் சமப்படுத்தினான். அப்படியே முடிந்தால் கோப்பை இரண்டு பங்குக்கும் பொது. ஆனால் முடிகிற நேரத்தில் குருநகர்ப் பெடியன் ஒருவனின் கையில் பந்து பட்டது.

பெனால்டி. அடிக்க வந்தவன் செபநாயகம். அவன் அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது என்பார்கள்.

குனிந்து பந்தை வைக்கும்போது அவன் கிறகோரியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

கிறகோரியின் கண் சுருங்கியது.

விசில் ஊதியது. கிறகோரி அந்தக் காலத்துக் கிறகோரியாகவே மாறி, வலக்கைப் பக்கம் பறந்தார்.

பந்து இடக்கைப் பக்கம் போனது. அதுவும் மெல்ல உருண்டு போனது. விழுந்து கிடந்தவர் தலையைத் திருப்பி, அது கோட்டைத் தாண்டுவதைப் பார்க்கக்கூடிய அளவுக்கு மெல்ல.

“உந்தப் பந்தைத் தவழுற பிள்ளையும் பிடிச்சிருக்கும்!”

சிரிப்பு நாலு பக்கத்தாலும் வந்தது. கிறகோரி மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்தார். வெட்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

“கள்ளன்! அடிக்க முன்னம் கதை சொல்லி என்னை ஏமாத்திப்போட்டான் உவன்!”

கோப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்த நடுவர் நமசிவாயம் வாத்தியார் ஓடிவந்தார்.

“என்ன சொன்னவன்?”

எதிரணிக்காரர் எல்லாரும் செபநாயகத்தைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் முகம் வெளுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சொல்லும் கிறகோரி, பெடியன் என்ன சொன்னவன்?”

கிறகோரி செபநாயகத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற அவனுடைய ஆட்களையும் பார்த்தார்.

“வலக்கைப் பக்கம் அடிக்கப்போறன் எண்டவன். நான் நம்பிப் பாஞ்சிட்டன்.”

மைதானமே அதிர்ந்தது. வாத்தியாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நம்பினது உம்மடை பிழை. கோல் கோல்தான்.”

“மூளைக்காரனடா நீ!” என்று செபநாயகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனுடைய ஆட்கள் ஆடினார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

யோசப்பின் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தாள்.

“ஆர் என்ன சொன்னாலும் நம்புறதே? நான் இனி எந்த முகத்தோடை பூசைக்குப் போறது?”

பதிலுக்கு நில்லாமல் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். அடைக்கலநாதனும் அவரைப் பார்க்காத மாதிரி வலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கிறகோரி மதிலோரம் குந்தியிருந்து காலில் கட்டிய சீலைத்துணியை அவிழ்த்தார். நிழல் ஒன்று விழுந்தது. செபநாயகம்.

“போடா தம்பி. உன்ரை ஆக்கள் தேடப்போகினம்.”

அவன் போகவில்லை.

“ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் உங்கடை இடக்கைப் பக்கம் எண்டெல்லோ சொன்னனான்? சனம் உங்களைப் பாத்துச் சிரிச்சது எனக்குத் தாங்கேல்லை. நீங்கள் பிடிக்கவேணும் எண்டுதான் மெல்லமா உருட்டினனான்.”

கிறகோரி அவிழ்த்த துணியைச் சுருட்டினார்.

“ஓமடா தம்பி. உள்ளதைச் சொன்னவன் நீ. நம்பாமல் மற்றப் பக்கம் பாஞ்சவன் நான். அந்த வெக்கத்தைக் கொண்டுபோய் உன்ரை ஆக்களுக்கு முன்னாலை உன்ரை தலையிலை கட்டலாமோ?”