கரப்பான் சாட்சி

செல்லபாய் தாளில் சுற்றிய குப்பியை என் மேசைமேல் வைத்தபோது மணி ஒன்பது பத்து.

கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வெங்கடேஸ்வரனின் சீட்டு. எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர் ராஜையன், செல்லபாயின் புருஷன், விடியற்காலை இருட்டில் இருமல் மருந்து என்று நினைத்து இதைக் குடித்துவிட்டான். பூச்சிமருந்து என்பது வாடையிலேயே தெரிகிறது. எந்தப் பூச்சிமருந்து, எங்கே வாங்கியது என்று மனைவிக்கும் தெரியவில்லை. வலிப்பு நிற்கவில்லை.

"ஸார் பாத்தா என்னதுண்ணு சொல்லிருவாருண்ணு டாக்டர் சொன்னாரு," என்றாள்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. கரப்பானின் நரம்புச் செல்லில் எந்த விஷம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பாற்ற ஸார் என்பார்கள். மலையாளத்தில் கரப்பானுக்கு அதுதான் பெயர். திருவனந்தபுரத்தில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை.

சீட்டின் கடைசி வரியில் டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார். ஒரு வகை விஷமென்றால் அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இன்னொரு வகையென்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே ஆளை முடித்துவிடும். கண்ணின் பாப்பாவைப் பார்த்துச் சொல்லலாமென்றால், அட்ரோபின் ஊசி போட்டதில் பாப்பா விரிந்துவிட்டது. இனி அது எதையும் காட்டாது.

செல்லபாயை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ராஜையன் வராததால் அன்று நானே அறுத்து வைத்த கரப்பான் ஒன்று உப்புநீர்த் தொட்டியில் தயாராக இருந்தது.

நரம்புச் செல்லின் தோலில் இரண்டு வகைக் கதவுகள். அசெட்டைல்கோலின் என்கிற நரம்பு ரசாயனம் பட்டால் ஒன்று திறக்கும். செல்லின் மின்னழுத்தம் ஏறும், செல் துடிக்கும். காபா என்கிற இன்னொரு ரசாயனம் பட்டால் மற்றது திறக்கும். அழுத்தம் இறங்கும், செல் அடங்கும். ஒரு வகை விஷம் அசெட்டைல்கோலினை அழியவிடாமல் தேக்கிவைக்கும். இன்னொரு வகை, அடக்குகிற கதவைப் பூட்டிவிடும். இரண்டிலும் ஆள் துடிப்பான். வைத்தியம்தான் வேறு வேறு.

தலைமுடியைவிட மெலிந்த கண்ணாடி ஊசியைச் செல்லை நோக்கி இறக்கினேன்.

முனை ஒடிந்தது.

வேறு ஊசி மாட்டினேன். ஒன்பது இருபத்தைந்து.

இந்த ஊசி உள்ளே போனது. திரையில் கோடு சடாரென்று அறுபது மில்லிவோல்ட் இறங்கி நின்றது. செல் உயிரோடு இருக்கிறது.

அசெட்டைல்கோலின் ஒரு துளி. ஓடுகிற தாளில் பேனா ஏறி இறங்கியது. காபா ஒரு துளி. பேனா ஒரு சின்னப் பள்ளம் போட்டுவிட்டு மேலே வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணியைக் குறித்தேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, ஆயிரம் மடங்கு உப்புநீரில் கலந்து, தொட்டிக்குள் ஓடவிட்டேன். பத்து நிமிடமாவது ஊற வேண்டும்.

வராந்தாவில் செல்லபாய் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். வாய்க்குள்தான் முணுமுணுத்தாள். ஆனாலும் எனக்குக் கேட்டது.

போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் ஓடுகிற தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜையன் இந்த அறைக்கு வந்து எட்டு வருடம். தன் பிஸ்கட்டில் பாதியைக் கரப்பான்களுக்குப் போடுகிறவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு நான் எழுத வேண்டிய சிபாரிசுக் கடிதத்தை இரண்டு மாதமாக நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாற்பத்தைந்து. அசெட்டைல்கோலின். பேனா ஏறியது, எப்போதும்போல இறங்கியது. தேக்கம் இல்லை.

காபா. பேனா அசையவில்லை.

மறுபடி காபா. நேர்கோடு.

செல் செத்துப்போயிருந்தாலும் நேர்கோடுதான் வரும். இன்னொரு முறை அசெட்டைல்கோலின் விட்டேன். ஏறியது. செல்லுக்கு ஒன்றுமில்லை. அடக்குகிற கதவு மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

ஒன்பது ஐம்பதுக்கு டாக்டரைக் கூப்பிட்டேன். எண்டோசல்பான் வகை, அட்ரோபினை நிறுத்துங்கள், வலிப்பை மட்டும் அடக்கப் பாருங்கள் என்றேன்.

கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"வலிப்பு நின்னுடுத்து. ஒரு அரைமணி முன்னாடி தெரிஞ்சிருந்தா தேவலை. கண் முழிச்சா ஆளை அடையாளம் தெரியறதான்னு பார்க்கணும்."

கதவைத் திறந்து செல்லபாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, வராந்தாவில் வேறு யாரும் இல்லையென்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"மூட்டைப்பூச்சிக்கு அடிக்க ஸார் ஊத்திக் குடுத்த மருந்தாக்கும்ணு நான் ஆருகிட்டயும் சொல்லல்ல. குப்பியைக் கண்டதும் ஸாரே டாக்டரை விளிச்சுச் சொல்லிருவாருண்ணு நெனச்சேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் அலமாரி எண்டோசல்பானை, அவன் கொண்டுவந்த இருமல் மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தவன் நான். மேலே ஒரு சீட்டுக்கூட ஒட்டவில்லை. தாளைப் பிரித்தபோதே, ஒன்பது பத்துக்கே, எனக்குத் தெரியும். என் பெயர் வராமல் அதைக் கரப்பானைச் சொல்லவைக்கத்தான் நாற்பது நிமிடம் ஆயிற்று.